கையில் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டிய வண்டி

உங்கள் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது, அடுத்த மாதம் இரண்டு விமானங்கள் மாறிச் சென்று அங்கிருந்து ரயிலிலும் போக வேண்டியிருக்கிறது, வீட்டிலுள்ள பெரிய ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியை, அவ்வளவு தூரம் இழுத்துச் செல்ல முடியாது என்பதால் சிறியதாக மடங்கும் எடை குறைந்த ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லதா, அதை விமானத்துக்குள் கொண்டுபோக விடுவார்களா, குழந்தை அதில் தூங்குமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். இரண்டு குழந்தைகளை வெவ்வேறு வயதில் இத்தகைய வண்டிகளில் வைத்துப் பல பயணங்கள் போய்வந்த அனுபவத்தில் ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்வேன். பயணத்தில் ஸ்ட்ரோலரின் தரம் தெரியவருவது, அது உருளாமல் நம் கையில் தொங்கும் நேரத்தில்தான். பாதுகாப்புச் சோதனை, விமானப் படிக்கட்டு, ரயில் பெட்டியின் குறுகிய வாசல் ஆகிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் வண்டியும் இருக்கும். அந்தச் சில நிமிடங்களை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் மற்றவை பெரும்பாலும் சரியாகவே அமையும்.

இந்த வகை வண்டி பிறந்ததே ஒரு பயணச் சிரமத்திலிருந்துதான். ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர், வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த தம் மகள் கனமான குழந்தை வண்டியோடு திண்டாடியதைக் கண்டு, குடைபோல மடங்கும் வண்டி ஒன்றை வடிவமைத்து 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர் என்பதால், சிறு இடத்துக்குள் மடங்கி, விரிந்ததும் சுமையைத் தாங்கும் சட்டகம் அவருக்குப் பழகிய விஷயம். அலுமினியக் குழாய்களாலான அந்த முதல் வண்டியின் எடை சுமார் 2.7 கிலோதான். இன்றைய வண்டிகள் பெரும்பாலும் அதைவிடக் கனமானவை. சாயும் முதுகுப்பகுதி, நீளும் வெயில் மறைப்பு, பொருட்கூடை, அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் என நாம் விரும்பிச் சேர்த்துக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. ஆகவே ஒரு வண்டி மிகவும் இலேசாக இருந்தால், அதில் எது விடப்பட்டிருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே முதல் வேலை.

குழந்தையின் வயதிலிருந்து தொடங்கலாம். கழுத்தும் முதுகும் உறுதிப்படாத முதல் ஆறு மாதங்களில் குழந்தை ஏறத்தாழ மல்லாந்து படுக்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1888, பிறந்த நாளிலிருந்தே பயன்படுத்தத்தக்க இருக்கை என்றால் அமரும் பகுதிக்கும் சாய்மானத்துக்கும் இடையிலான கோணம் குறைந்தது 150 டிகிரி வரை விரிய வேண்டும் என்கிறது. மிகச் சிறியதாக மடங்கும் வண்டிகள் பல இந்த அளவுக்குச் சாய்வதில்லை. அதனால்தான் அவற்றில் ஆறு மாதத்துக்கு மேல் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் குழந்தை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது, துணையின்றி உட்காரவும் தொடங்கியிருக்கும் என்பதால் தேர்வு எளிதாகிறது. ஆனால் மறுமுனையையும் பாருங்கள். வண்டி தாங்கும் உச்ச எடை சிலவற்றில் 15 கிலோ, சிலவற்றில் 22 கிலோ. மூன்று வயதுக் குழந்தையின் எடை பெரும்பாலும் 14 கிலோவை நெருங்கிவிடும். பயணத்தில் நான்கு வயதுக் குழந்தைகூட நடந்து களைத்து வண்டியைத் தேடும். 22 கிலோ தாங்கும் வண்டி ஒன்றை இப்போதே வாங்கினால் இன்னொன்று வாங்க வேண்டியிராது. எடை வரம்போடு முதுகுப்பகுதியின் உயரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். எடை வரம்பு மிச்சமிருக்கும்போதே குழந்தையின் தலை மேற்கூரையில் முட்டத் தொடங்கிவிடும் வண்டிகள் உண்டு.

இனி எடை. பயண வண்டிகள் பொதுவாக 4 முதல் 7 கிலோவுக்குள் இருக்கின்றன. விளம்பரத்தில் தரப்படும் எண், சில நேரம் மேற்கூரை, முன்தடுப்புக் கம்பி, கூடை ஆகியவற்றைக் கழற்றிவிட்டு எடுத்த எடையாக இருக்கலாம். கடையில் ஒரு தராசு இருந்தால் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் 5 கிலோவுக்கும் 6 கிலோவுக்கும் உள்ள வேறுபாட்டைவிட, அந்த எடையை எப்படித் தூக்குகிறோம் என்பதே கையைப் பாதிக்கிறது. தோளில் மாட்டும் பட்டை நடுப்பகுதியில் பொருந்தியிருந்தால் 6 கிலோ வண்டி உடலோடு ஒட்டி நிற்கும். பிடிக்க இடமில்லாமல் ஒரு பக்கம் சாயும் 5 கிலோ வண்டி, பத்தாவது படியிலேயே மணிக்கட்டை வலிக்க வைத்துவிடும். சுமார் 8 கிலோ எடையுள்ள உங்கள் குழந்தையும் தோள்பையும் ஏற்கெனவே உங்கள் உடலில் இருக்கின்றன என்பதை மறவாமல், அந்த நிலையிலேயே வண்டியைத் தூக்கிப் பாருங்கள்.

மடிப்பு முறையைப் பொறுத்தவரை இரண்டு பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. முதலாவது, மெக்லாரன் வழிவந்த குடை மடிப்பு. அது மெலிந்த நீண்ட கட்டாக மடங்கும், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். காரின் பின்புறத்தில் குறுக்கே வைக்கலாம், ரயிலில் மூலையில் சாய்த்து வைக்கலாம், விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் விமானத்தில் இருக்கைக்கு மேலே பைகள் வைக்கும் மேல்தட்டில் அது அடங்குவது அரிது, மடக்கப் பொதுவாக இரண்டு கைகளும் ஒரு காலும் தேவைப்படும். இரண்டாவது, மூன்றாக மடிந்து ஒரு சிறு பெட்டியின் வடிவத்துக்கு வரும் வகை. 2012-இல் வெளிவந்த பிரெஞ்சுத் தயாரிப்பான பேபிஜென் யோயோ இந்த வகையைப் பரவலாக்கியது. மடித்த அளவு 52 × 44 × 18 செ.மீ., எடை சுமார் 6 கிலோ. இன்னும் சிறியது வேண்டுமென்றால், 2014-இல் உலகிலேயே மிகச் சிறியதாக மடங்கும் ஸ்ட்ரோலர் என்று கின்னஸ் சாதனையில் இடம்பெற்ற ஜிபி பாக்கிட் உண்டு. மடித்தால் 30 × 18 × 35 செ.மீ., எடை சுமார் 4.3 கிலோ. வியக்கத்தக்க வேலைப்பாடுதான். ஆனால் அந்த அளவுக்குச் சுருங்குவதற்காக இருக்கை வசதியும் சட்டகத்தின் விறைப்பும் விட்டுக்கொடுக்கப்பட்டிருப்பது, மேடுபள்ளமான பாதையில் தள்ளும்போது தெரிந்துவிடும்.

எந்தக் குடும்பமானாலும், ஒரு கையால் மடக்க முடிகிறதா என்பதை நீங்களே செய்து பார்க்க வேண்டும். விற்பனையாளர் ஆயிரம் முறை செய்து பழகியவர், அவர் கையில் எல்லாமே மூன்று நொடியில் மடங்கும். மடித்த வண்டி தானாகப் பூட்டிக்கொள்கிறதா, கீழே விழாமல் தானாக நிற்கிறதா என்பவை சிறு விஷயங்களாகத் தோன்றும். பூட்டாத வண்டி ரயில் படியில் தூக்கும்போது பாதியில் விரிந்துகொள்ளும், அப்போது குழந்தையைப் பிடிப்பதா வண்டியைப் பிடிப்பதா என்று தடுமாற வேண்டிவரும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் நேர்ந்தது. அதன்பின் தானியங்கிப் பூட்டு இல்லாத எந்த வண்டியையும் நான் கையில்கூட எடுப்பதில்லை.

விமானத்துக்குள் கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு நேரடியான பதில், உங்கள் விமான நிறுவனத்தின் விதியையும் அன்றைய விமானத்தின் அளவையும் பொறுத்தது என்பதே. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏ, கைப்பெட்டிக்கான பொது வழிகாட்டியாக 56 × 45 × 25 செ.மீ. என்ற அளவைச் சொல்லிவந்திருக்கிறது. வண்டியின் அட்டைப்பெட்டியில் ஐஏடிஏ அளவுக்கு ஏற்றது என்றிருந்தால், பெரும்பாலும் இந்த எண்களையே குறிக்கிறார்கள். ஆனால் அது விமான நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. 55 × 40 × 20 செ.மீ. மட்டுமே அனுமதிக்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. 52 × 44 × 18 செ.மீ. உள்ள வண்டி முதல் அளவுக்குள் அடங்கும், இரண்டாவதில் அகலம் 4 செ.மீ. மிஞ்சிவிடும். அளவு பொருந்தினாலும், வண்டியைக் கைப்பெட்டியாகக் கணக்கிட்டால் உங்கள் வேறு பை ஒன்று கீழே போக வேண்டியிருக்கலாம். இரண்டு விமானங்கள் மாறுகிறீர்கள் என்பதால் இரண்டின் விதிகளையும் பாருங்கள். இணைப்பு விமானம் சிறியதாக இருந்தால் அதன் மேல்தட்டும் சிறியதாக இருக்கும், முதல் விமானத்தில் உள்ளே வந்த வண்டி இரண்டாவதில் வாசலிலேயே நின்றுவிடக்கூடும். ஆகவே, உள்ளே வந்தால் நல்லது, வராவிட்டாலும் பயணம் கெடாது என்ற ஏற்பாட்டோடு போவதையே பரிந்துரைக்கிறேன்.

அந்த ஏற்பாடு இதுதான். விமானத்தின் வாசல்வரை குழந்தையை வண்டியிலேயே தள்ளிச் சென்று, அங்கே மடித்து ஊழியரிடம் ஒப்படைக்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் கைக்குழந்தையுடன் வருவோருக்கு இதைக் கட்டணமின்றிச் செய்கின்றன. அதற்கான சீட்டை செக்-இன் செய்யும்போதே வாங்கிக் கட்டிவிடுங்கள். இறங்கும் இடத்தில் வண்டி வாசலில் கிடைக்குமா, பெட்டிகளோடு சுற்றுப் பட்டையில் வருமா என்பதையும் அப்போதே கேளுங்கள். இரண்டு வழக்கமும் உண்டு. நடுவில் விமானம் மாறும் நிலையத்தில் வண்டி கைக்கு வராமல் கடைசி ஊருக்கே போய்விட்டால், அந்த நீண்ட நடைகளில் குழந்தையை முழுக்கச் சுமக்க நேரும். சரக்குப் பகுதியில் வண்டிகள் அடிபடுவது சாதாரணம். முன்தடுப்புக் கம்பி, கோப்பைத் தாங்கி போன்ற கழலும் பாகங்களை எடுத்துக் கைப்பையில் வைத்துவிட்டு, வண்டியை உறையில் இட்டு, ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேதம் தெரிந்தால் நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே முறையிடுவது நல்லது. சர்வதேசப் பயணங்களுக்கான 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை, ஒப்படைத்த பொருளின் சேதம் குறித்த எழுத்துமூலப் புகாருக்கு 7 நாள் கெடு விதித்திருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் குழந்தையை எடுத்துவிட்டு வண்டியை மடித்து எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்கள். கூடையில் ஒன்றும் இல்லாமல் வரிசையில் நின்றால் இது நொடிகளில் முடியும்.

சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறிய வண்டியின் உண்மையான பலவீனம் அங்கேதான் இருக்கிறது. சிறியதாக மடங்க வேண்டுமானால் சக்கரமும் சிறியதாகத்தான் இருக்க முடியும், பெரும்பாலும் 12 முதல் 15 செ.மீ. விட்டம். சக்கரத்தின் ஆரத்துக்குச் சமமான அல்லது அதற்கு மேற்பட்ட உயரமுள்ள படியை, எவ்வளவு பலமாக முன்னோக்கித் தள்ளினாலும் அது ஏறாது. 13 செ.மீ. சக்கரத்துக்கு அந்த எல்லை 6.5 செ.மீ. அதற்கும் குறைவான மேடுகளிலும் வேறுபாடு பெரிது. 2 செ.மீ. மேட்டை ஏற, 20 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தைவிட 13 செ.மீ. சக்கரத்துக்குச் சுமார் 40 சதவீதம் கூடுதல் விசை தேவை என்று கணக்கிடலாம். நடைமுறையில் இதன் பொருள், சிறு தடை வந்ததும் வண்டி சட்டென நின்று குழந்தையின் உடல் முன்னே சாயும் என்பதுதான். ஆகவே தடைகளின் முன் கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்கி ஏற்றும் பழக்கம் வேண்டும். கடையில் சோதிக்கும்போது இதையும் செய்து பாருங்கள், சட்டகம் முறுக்கிக்கொண்டால் அந்த வண்டி வேண்டாம். முன்சக்கரங்கள் எல்லாத் திசையிலும் சுழல வேண்டும், கரடுமுரடான பாதைக்காக நேராகப் பூட்டும் வசதியும் இருக்க வேண்டும். கடினமான வெறும் பிளாஸ்டிக் சக்கரங்களைத் தவிர்த்து, ரப்பர் அல்லது நுரைப்பொருள் சுற்றியவற்றை எடுங்கள். காற்றடைத்த சக்கரம் இந்த வகைக்குத் தேவையில்லை, பயணத்தின் நடுவே பஞ்சர் பார்க்க யாராலும் முடியாது. கல் பாவிய தெருக்களும் மணற்பாதையும் நிறைந்த இடத்துக்குப் போவதாக இருந்தால் எந்தச் சிறிய வண்டியும் நிறைவு தராது. அங்கே குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிச்சுமப்பானே உதவும்.

கைப்பிடி ஒற்றைக் கம்பியாக இருந்தால் ஒரு கையால் தள்ளி, மறு கையால் பெட்டியை இழுக்கலாம். குடை மடிப்பு வண்டிகளின் இரட்டைப் பிடியில் இது ஏறக்குறைய முடியாது. உயரமானவர்கள் நடக்கும்போது குதிகால் பின் அச்சில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஒரே மிதியில் இரு சக்கரங்களையும் பூட்டினால் போதும்.

பாதுகாப்பில் மட்டும் எடையையோ அளவையோ காரணம் காட்டி எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தோள்கள் இரண்டு, இடுப்பின் இரு பக்கம், கால்களின் நடு என ஐந்து இடங்களில் பிணைக்கும் பெல்ட் வேண்டும். எழுந்து நிற்கப் பழகும் வயதில் வெறும் இடுப்புப் பெல்ட்டிலிருந்து குழந்தை நழுவிவிடும். விரித்த வண்டி திடீரென மடங்காதபடி முதன்மைப் பூட்டோடு இரண்டாவது பூட்டும் இருக்க வேண்டும். மடக்கும் மூட்டுகளில் குழந்தையின் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று உங்கள் விரலாலேயே தடவிப் பாருங்கள். 2009-இல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் குடை மடிப்பு வண்டிகள், விரிக்கும்போது கீலில் குழந்தைகளின் விரல்நுனிகள் சிக்கித் துண்டான காரணத்தால் திரும்ப அழைக்கப்பட்டு, கீலை மூடும் உறைகள் வழங்கப்பட்டன. அதனால் வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை கைக்கெட்டும் தொலைவில் இருக்கக் கூடாது. இஎன் 1888 அல்லது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்833 தரநிலைக்கு உட்பட்டது என்ற குறிப்பு வண்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பயன்படுத்திய வண்டியை வாங்குவதானால், அந்த மாதிரி எப்போதாவது திரும்ப அழைக்கப்பட்டதா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வி தூக்கம். நேர மாற்றத்தில் குழம்பிய குழந்தை, பயணத்தின் முதல் இரண்டு நாட்களில் கட்டிலைவிட வண்டியில்தான் அதிகம் கண்ணயரும். ஆகவே ஆழமாகச் சாயும் முதுகுப்பகுதி ஆடம்பரமல்ல, காலைத் தாங்கும் பலகையும் இருந்தால் இன்னும் நல்லது. அந்த வசதிகளுக்காக அரைக் கிலோ கூடினால் அதை மகிழ்ச்சியோடு சுமக்கலாம். ஆனால் வண்டியை இரவுப் படுக்கையாக்க வேண்டாம். அமரும் வகைச் சாதனங்களில் குழந்தை தூங்கிவிட்டால், முடிந்த விரைவில் சமமான, உறுதியான படுக்கைக்கு மாற்ற வேண்டும் என்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் அறிவுறுத்துகிறது, குறிப்பாக நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. மேற்கூரை முழங்கால்வரை நீள்வதாகவும் காற்றுப் புகும் வலைச்சாளரம் உள்ளதாகவும் இருக்கட்டும். கூரை போதவில்லை என்று வண்டி முழுவதையும் துணியால் போர்த்தி மூடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் தேங்கும், குழந்தையின் முகமும் நம் கண்ணுக்குத் தெரியாது. இதைச் செய்யவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூடை சிறியதாகத்தான் இருக்கும், பலவற்றில் 5 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. அதை ஈடுகட்ட எல்லோரும் கைப்பிடியில் பையை மாட்டுகிறார்கள். எடை குறைந்த வண்டியில் இது ஆபத்து. முன்னால் குழந்தையின் எடை இருக்கும்வரை சமநிலை இருப்பதுபோலத் தோன்றும், மேட்டில் ஏற்றும்போதோ குழந்தை அசையும்போதோ பின்புறமாகச் சாய்ந்துவிடும். பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். நகரும் படிக்கட்டிலும் வண்டியை ஏற்றாமல் மின்தூக்கியைத் தேடிப் போங்கள், இல்லையேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியை மடித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் பயணத்துக்கு நான் சொல்வது, மூன்றாக மடியும் பெட்டி வகை. 6 கிலோவை ஒட்டிய எடை, 22 கிலோ தாங்கும் இருக்கை, ஆழ்ந்த சாய்மானம், ஒற்றைக் கைப்பிடி, தானியங்கிப் பூட்டு, தோளில் மாட்டும் பட்டை ஆகியவை அதில் இருக்கட்டும். மிகச் சிறிய 4 கிலோ வகை, நாள் முழுவதும் வண்டியில் இருக்கப்போகும் எட்டு மாதக் குழந்தைக்குப் போதாது. குழந்தை நன்றாக நடக்கத் தொடங்கி, களைப்புக்கு மட்டும் வண்டி வேண்டியிருக்கும் வயதில் அது பொருத்தமாக இருக்கும். கடைக்குப் போகும்போது குழந்தையையும், பயணத்துக்கு எடுத்துச் செல்லும் பையையும் உடன் கொண்டுசெல்லுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வண்டியை மடித்து, தோளில் மாட்டி, கடையின் படிகளில் ஒருமுறை ஏறி இறங்கி, மீண்டும் விரித்து உட்கார வையுங்கள். வாங்கிய பிறகு, புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் அதில் வெளியே கூட்டிச் செல்லுங்கள். உங்கள் கை மடிப்பைப் பழகிவிடும், குழந்தைக்கும் அந்த இருக்கை விமான நிலையத்தில் புதிதாகத் தோன்றாது.